பன்னிரண்டு விநாடி

எண்பதுகளில் நாலைந்து வருடம் என் வேலை, முன்பின் தெரியாதவர்களின் காலைத் தொடுவது. அம்மா அக்கம்பக்கத்தில் அப்படிச் சொல்லமாட்டார். "டாக்டருங்களோட ஆராய்ச்சியில இருக்கா" என்பார். அதுவும் பொய் இல்லை. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உள்ளவர்களின் குடும்பங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வீடு வீடாகப் போய், நோயாளியிடமும் வீட்டாரிடமும் கேள்வி கேட்டு, விரலில் குத்தி இரத்தம் எடுத்து, கடைசியில் நோயாளியின் காலைச் சோதிக்க வேண்டும். கேள்வி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். காலுக்காகத்தான் எங்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள்.

சோதனை எளிமையானது. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, காலை நீட்டிக் கண்ணை மூடச் சொல்வோம். பஞ்சால் விரல் நுனியைத் தொடுவோம். தொட்டது தெரிகிறதா என்று அவர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஃபோர்க். பள்ளிக்கூடத்து அறிவியல் அறையில் பார்த்திருப்பீர்கள், தட்டினால் ரீங்கரிக்கும் இரண்டு பல் இரும்பு. அதைத் தட்டி, அதிர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் அடியைக் கால் கட்டைவிரல் எலும்பின்மேல் வைப்போம். அதிர்வு நின்றதும் அவர் "நின்னுடுச்சு" என்று சொல்ல வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்து எத்தனை விநாடி என்று படிவத்தில் எழுதுவோம். அதிர்வே தெரியவில்லை என்றால் கால் மரத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவருக்கு ஓர் இளஞ்சிவப்புச் சீட்டு எழுதிக் கொடுப்போம். அதைக் கொண்டுபோனால் பெரிய ஆஸ்பத்திரியில் கால் டாக்டர் அதே வாரத்தில் பார்ப்பார். புண் வருவதற்கு முன்னால் பார்த்துவிட்டால் காலைக் காப்பாற்றிவிடலாம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

காலைத் தொடுவது லேசான காரியம் இல்லை. நான் குனிந்ததும் ஆண்கள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். "பொம்பளப் புள்ள காலத் தொடலாமா?" என்று பதறுவார்கள். வயதான பெண்கள் என் கை பட்டதுமே "நல்லா இரும்மா, சீக்கிரம் கல்யாணம் ஆகட்டும்" என்று வாழ்த்திவிடுவார்கள். அந்த வாழ்த்துக்கெல்லாம் பலன் இருந்திருந்தால் எனக்கு ஒரு நூறு கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். கிள்ளான் பக்கம் மேருவில் ஓர் ஆன்டி, ஃபோர்க்கின் ரீங்காரம் மூட்டு வலிக்கு நல்லது என்று தாமாகவே முடிவுசெய்து, என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாவாடையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு வந்து நின்றார். நானும் தட்டி வைத்துவிட்டுப் போவேன். நாள் பூராவும் தெரியாத வீடுகளில் உட்கார்ந்து கொடுத்த கோப்பியைக் குடித்துக்கொண்டிருப்பவளுக்கு அவரோடு வாதாடத் தெம்பு கிடையாது.

படிவத்தில் கால் பகுதியின் முதல் கேள்வி இப்படி இருக்கும்: செருப்பு காலைவிட்டு நழுவியது தெரியாமலேயே நடந்திருக்கிறீர்களா? எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்தபின் சிலர் யோசிப்பார்கள். யோசிப்பவர்களைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு ஒன்பது வருடமாக இனிப்பு நீர். ரயில்வேயில், யார்டில் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் வேலை. நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பா டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்வார். அம்மா சமைக்கும் பாகற்காயை முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். பூட்ஸை மாட்டிக்கொண்டு ஆறு மணிக்குப் போனால் மூன்று மணிக்கு வருவார். அதிகம் பேசமாட்டார். நோயாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் மற்றவர்களிடம் இவரைக் காட்டிப் பேசுவாராம்.

எங்கள் வீட்டில் தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டதும், சாமி அறைக்கு முன்னால் அப்பா அம்மா காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அந்த வருடமும் கும்பிட்டேன். அப்பா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தபடி நின்றிருந்தார். நான் குனிந்து இரண்டு பாதங்களையும் தொட்டேன். காலையில் குளித்த கால் ஈரமாக, சில்லென்று இருந்தது. தலையில் கை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"வாம்மா, நேரமாவுது. கும்பிடு" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"ஏற்கெனவே கும்பிட்டாச்சு. உங்க சாமி உங்கள எங்க கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு?" என்று அம்மா கேலி செய்தார். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். நான் மறுபடியும் தொட்டேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததால் கையைத் தூக்கினார்.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பாசாருக்கு மீன் வாங்கப் போன அப்பா ஒற்றைச் சிலிப்பரோடு வந்து வாசலில் நின்றார். இடது கால் வெறுங்கால். எங்கே விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. மீன் கடையிலா, வரும் வழியிலா, ஒன்றும் ஞாபகம் இல்லை. அம்மா இதை ஒரு வாரம் விடவில்லை. "ஒத்தச் செருப்பு மாப்பிள்ளை வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டுத் தட்டை வைப்பார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வாரத்தில் மட்டும் கிள்ளானில் எத்தனை வீட்டில் அந்தச் செருப்புக் கேள்வியைக் கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கேள்வியை வாய் கேட்டது. மண்டைக்குள் ஒரு மணியும் அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் வேலைப் பையை ஆணியில் மாட்டிவிடுவேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டு நோய் அடங்கிப்போன நோய் என்று ஒரு நினைப்பு இருந்தது. மற்றவர்கள் வீட்டு நோய்தான் எனக்கு ஆராய்ச்சி.

இரண்டாவது வருடத்தில் எனக்குச் சின்னப் பதவி உயர்வு கொடுத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் வெளியே, இரண்டு நாள் ஆபீசில். மற்றவர்கள் கொண்டுவரும் படிவங்களைப் பார்த்து, விட்டுப்போன இடங்களைச் சுட்டிக்காட்டி, எல்லாம் சரியாக இருந்தால் மூலையில் என் கையெழுத்தைப் போட வேண்டும். கையெழுத்து விழுந்த படிவம் கணினிக்குப் போய்விடும். ஏதாவது விட்டுப்போயிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். போனவர் அதே வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும். நான் இதில் கறார் என்று பெயர் வாங்கியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஜனவரியில் எங்கள் குவாட்டர்ஸும் ஆராய்ச்சியில் வந்தது. சொந்த வீட்டை யாரும் எடுக்கக்கூடாது என்பது விதி. வீட்டாரிடம் நாம் உண்மையை வாங்கமாட்டோம், அவர்களும் சொல்லமாட்டார்கள் என்று தலைமை டாக்டர் விளக்கியிருந்தார். எங்கள் வீட்டுக்கு என் சக ஊழியர் ஒருவர் போனார். கிள்ளான்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னை அக்கா என்பார். பக்திமான். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. வேலையிலும் சுத்தம். அவர் போகிறார் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போது அப்பா விரதத்தில் இருந்தார். எனக்கு இரண்டு வருடம் வேலை கிடைக்காமல் இருந்தபோது, கிடைத்தால் மூன்று தைப்பூசம் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தார். இது மூன்றாவது. மஞ்சள் துணி, கழுத்தில் உருத்திராட்சம், ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் பாய். விரதத்தில் இருப்பவரை எங்கள் பக்கத்தில் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடமாட்டார்கள். சாமி என்பார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்வார்கள். அந்த நாற்பத்தெட்டு நாளும் அவர் கால் அவருடையது இல்லை, சாமியுடையது.

எங்கள் வீட்டுப் படிவம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் மேசைக்கு வந்தது. அப்பாவின் கட்டை எழுத்துக் கையொப்பத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. முழுவதும் படித்தேன். விரதச் சாப்பாட்டில் சர்க்கரை நன்றாகவே இறங்கியிருந்தது. செருப்புக் கேள்விக்கு "இல்லை". கால் பகுதியில் "உணர்வு உண்டு" என்ற கட்டத்தில், இரண்டு காலுக்கும், அழகாக டிக் போட்டிருந்தது. விநாடி எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

அவரைக் கூப்பிட்டேன். "தம்பி, விநாடி எழுதலையே?"

"அக்கா, சாமி விரதத்துல இருக்காரு லா. மஞ்சள் கட்டியிருக்காரு. அவருகிட்டப் போயி காலை நீட்டுங்கன்னு எப்படிக்கா சொல்றது?"

"அப்ப 'உணர்வு உண்டு'ன்னு எப்படிப் போட்டீங்க?"

"கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கினேன்க்கா. ரெண்டு காலையும் நல்லாத் தொட்டுத்தான் கும்பிட்டேன். திருநீறு பூசி, நல்லா இருப்பான்னு சொன்னாரு. தெரியாமலா சொல்லுவாரு?"

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கோபம்கூட வரவில்லை. வேறு யார் வீட்டுப் படிவமாக இருந்தாலும் அந்த நிமிடமே திருப்பி அனுப்பியிருப்பேன். இதை அனுப்பினால் அவர் திங்கட்கிழமை மறுபடியும் வர வேண்டும், அம்மா மறுபடியும் வடை சுட வேண்டும், அப்பாவிடம் காலை நீட்டச் சொல்ல அவர் மறுபடியும் கூச்சப்பட்டுத் திரும்ப வேண்டும். எதற்கு என்று நினைத்தேன். என் அப்பாவின் காலைப் பற்றி எனக்குத் தெரியாதா என்றும் நினைத்தேன். பேனாவை எடுத்து, காலி இடத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன். வலது பன்னிரண்டு, இடது பன்னிரண்டு. நல்ல கால்களுக்கு அநேகமாக அந்த அளவுதான் வரும். மூலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அது சோம்பல்தான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

தைப்பூசத்தன்று பத்துமலையில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆற்றில் குளித்துப் பால்குடத்தைத் தலையில் வைத்து வரிசையில் நின்றபோது பதினொன்றரை ஆகிவிட்டது. கூட்டத்தில் நகரவே வழியில்லை. தார் ரோடு பழுத்துக் கிடந்தது. பால்குடக்காரர்கள் எல்லாரும் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். சிலர் அடுத்தவர் நிழலில் ஒதுங்கப் பார்த்தார்கள். தொண்டர்கள் அங்கங்கே குழாயில் தண்ணீர் அடித்தார்கள், அடித்த வேகத்தில் அது காய்ந்தது. நான் செருப்புப் போட்டிருந்தேன், எனக்கே அடியில் சுட்டது.

அப்பா அசையவில்லை. குளிர்ந்த சிமெந்துத் தரையில் நிற்பவரைப் போல இரண்டு காலையும் ஊன்றி, கண்ணை மூடி, குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரத்துக்குமேல் அப்படியே நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் முதலில் பார்த்தார்கள். பிறகு ஒருவருக்கொருவர் காட்டினார்கள். பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த ஓர் அக்கா, "சாமி, சுடலையா?" என்று கேட்டார். அப்பா கண்ணைத் திறந்து, "இல்லம்மா" என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

அந்த அக்கா குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் இன்னும் நாலு பேர் வந்து தொட்டார்கள். அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "மூணு வருஷ வேண்டுதல், முருகன் ஏத்துக்கிட்டான்" என்று என் கையைப் பிடித்தார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதிர்வு தெரியாத கால்களை அதற்கு முன் எத்தனையோ பார்த்தவள் நான். அன்றைக்கு நான் பார்த்தது அருள்.

வீட்டுக்கு வந்து அம்மா குவாட்டர்ஸ் முழுவதும் சொன்னார். அப்பா மறுநாளே பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஒரு வாரம் கழித்து வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. எலி எங்கோ செத்துக் கிடக்கிறது என்று அம்மா சொன்னார். அரிசி டின்னை நகர்த்தினோம், அலமாரிக்குப் பின்னால் பார்த்தோம், கட்டிலைத் தூக்கிப் பார்த்தோம். இரண்டு நாள் எலி தேடினோம். அப்பாவும் எங்களோடு தேடினார். கையில் டார்ச் லைட்டோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்த இடத்தில் சிமெந்துத் தரையில் ஈரமாக ஓர் அடையாளம் இருந்ததை அம்மாதான் முதலில் கண்டார்.

உட்காரவைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தோம். இடது உள்ளங்காலில் தோல் ஒரு பெரிய வட்டமாகப் பிரிந்து, அதற்குக் கீழே கறுத்திருந்தது. வலது காலில் கொப்புளங்கள் உடைந்து காயத் தொடங்கியிருந்தன. அப்பா தன் காலை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். "இது எப்ப வந்துச்சு?" என்று எங்களைக் கேட்டார். பூட்ஸைக் கழற்றும்போது காலுறை ஒட்டியதாம். வியர்வை என்று நினைத்தாராம்.

நான் எழுந்து போய் ஆணியிலிருந்த வேலைப் பையை எடுத்து வந்தேன். அந்த வீட்டுக்குள் அந்தப் பையை நான் திறந்தது அதுதான் முதல் முறை. எதற்காகச் சோதித்தேன் என்று தெரியவில்லை. பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, "கண்ணை மூடிக்குங்கப்பா" என்றேன். மூடினார். ஃபோர்க்கைத் தட்டி, வலது கட்டைவிரலில் வைத்தேன். என் விரல்களுக்கு அது அதிர்வது நன்றாகத் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன்.

அப்பா பொறுமையாகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ம், வைம்மா" என்றார்.

"வச்சிட்டேன்ப்பா" என்றேன்.

கண்ணைத் திறந்து பார்த்தார். ஃபோர்க் அப்போதும் அவர் காலில்தான் இருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குள் எதுவும் நடக்கவில்லை. ஃபோர்க்கைத் துடைத்து உறையில் போட்டேன், டாக்சி கூப்பிட வெளியே போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டு. வரிசையாக இருந்த கட்டில்களில் பாதிப் பேருக்குக் காலில் கட்டு. எங்கள் ஆட்களுக்கு அந்த வார்டு என்றாலே பயம். உள்ளே போனால் போத்தோங் பண்ணிவிடுவார்கள், காலை வெட்டிவிடுவார்கள், முழுக் காலோடு யாரும் வெளியே வந்ததில்லை என்பார்கள். அந்தப் பயத்தில் கடைசிவரை வராமல் இருப்பார்கள், வரும்போது வெட்டுவதைத் தவிர வழி இருக்காது. இதை நானே எத்தனையோ வீட்டில் உட்கார்ந்து விளக்கியிருக்கிறேன்.

இளவயது டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். தமிழர்தான். இடது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், தள்ளிப்போட முடியாது, எலும்புவரை போய்விட்டது என்றார். வலது காலை மருந்திலேயே காப்பாற்றிவிடலாம் என்றார். "எவ்வளவு நாளா மரத்துப்போயிருக்கு? யாருமே செக் பண்ணலையா?" என்று கேட்டார்.

அம்மா சட்டென்று, "எம் பொண்ணு இதே வேலைதான் பாக்குறா டாக்டர். வீடு வீடாப் போயி கால்தான் பாக்குறா" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்க அல்ல. டாக்டர் நம்மைக் கொஞ்சம் மரியாதையாக நடத்துவார் என்ற நினைப்பில் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கையெழுத்துப் போடும்போது அப்பா தாளை நீட்டிய நர்ஸ் மிஸ்ஸியிடம், "வேற வழி ஒண்ணும் இல்லையாம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அந்த மலாய்க்கார மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது. சிரித்து, தாளில் இடத்தைக் காட்டினார். அப்பா ஆராய்ச்சிப் படிவத்தில் போட்ட அதே கட்டை எழுத்தில் போட்டார்.

அறுவை நடந்த மறுநாள் நான் கிள்ளானுக்கு வேலைக்குப் போனேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. ஆறு வீடு முடித்தேன். பன்னிரண்டு கால். ஒவ்வொன்றிலும் ஃபோர்க்கை வைத்து, விநாடியை எழுதி, கொடுத்த கோப்பியைக் குடித்தேன். ஒரு தாத்தாவுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு எழுதினேன். புண் எதுவும் இல்லையே, எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்டார். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். குரல் சரியாகவே வந்தது. அழுகை வரும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து காத்திருந்தேன், வரவில்லை. ஷா ஆலம் தாண்டித் தூங்கிவிட்டேன்.

சக ஊழியர் ஆரஞ்சுப் பழங்களோடு வார்டுக்கு வந்தார். அப்பாவின் போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்ததைப் பார்த்ததும் தேம்பித் தேம்பி அழுதார். "நான்தான்க்கா, நான் அன்னிக்கே பாத்திருந்தா" என்றார். விநாடியை நான் எழுதியது அவருக்குத் தெரியாது. தான் காலியாக விட்டதை நான் எப்படியோ ஒப்பேற்றியிருப்பேன் என்றுகூட அவர் யோசிக்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் ஆறுதல் சொல்லவில்லை. யாராவது ஒருவர் அழுவது எனக்கு வசதியாக இருந்தது. உன்னால் இல்லை தம்பி, திருப்பி அனுப்ப வேண்டியவள் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருப்பது அந்த மூன்று மாதம்தான்.

தலைமை டாக்டரிடம் அதற்கு முன்பே போய்ச் சொன்னேன். சீன அம்மையார், கண்டிப்பானவர். அந்த எண்ணை நான்தான் போட்டேன் என்றேன். வேலையைவிட்டு அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அனுப்பினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பிறகு, அந்தத் தொகுப்பு எண்ணி முடிந்துவிட்டது, இத்தனை வீடுகளில் ஒரு படிவத்தால் முடிவு எதுவும் மாறாது, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்றார். மிகவும் அன்பாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஒரு காலி இடத்தைக்கூட விட்டதில்லை. எல்லாரும் என்னைத் திட்டினார்கள்.

அப்பா மருத்துவக் காரணத்தில் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். குவாட்டர்ஸைக் காலி செய்து கிள்ளானில் ஒரு தரைவீட்டுக்குப் போனோம். கட்டைக்கால் பொருத்தினார்கள். அவர் அதை வெளியே போகும்போது மட்டும் மாட்டிக்கொள்வார். வீட்டில் நாற்காலிதான். பத்துமலையில் நடந்ததை அம்மா யாரிடமும் மறுபடியும் சொல்லவில்லை. முருகனிடம் கோபமும் இல்லை. விளக்கை மட்டும் ஏற்றிவிட்டுச் சீக்கிரமாக வந்துவிடுவார்.

ஆராய்ச்சி முடிந்ததும், கலந்துகொண்ட வீடுகளுக்கெல்லாம் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் தபாலில் அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படித்தார். நடுவில் ஒரு பட்டியல். கால் உணர்வு சரியாக உள்ளவர்கள் இத்தனை பேர், குறைந்தவர்கள் இத்தனை பேர் என்று இருந்தது. அதன்மேல் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டார்.

"இதுல நான் எதுலம்மா வர்றேன்?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "சரியா இருக்கிறவங்கள்லப்பா."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

கொஞ்ச நேரம் பட்டியலைப் பார்த்தார். "அந்தத் தம்பி என் காலப் பாக்கலையே. விழுந்து கும்பிட்டுட்டுப் போயிட்டாரே."

"ஆமாப்பா. காலியா வந்துச்சு. நான்தான் நம்பர் போட்டேன்."

"என்ன நம்பரு?"

"பன்னிரண்டு."

"அது நல்ல நம்பரா?"

"நல்ல நம்பர்ப்பா."

அவர் புத்தகத்தை மூடி, மேசையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. சாப்பிடும்போது அம்மாவிடம்தான் தண்ணீர் கேட்டார். மறுநாள் காலையில் நான் படியிறங்கியபோது, "பஸ்ஸு வந்துரும், வெரசாப் போ" என்றார். இதைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை.

அந்த வருடம் தீபாவளி கிள்ளான் வீட்டில். குளித்து, புதுத்துணி போட்டு, சாமி அறைக்கு முன்னால் வந்தேன். அப்பாவை நாற்காலியோடு அங்கே நகர்த்தி வைத்திருந்தோம். கட்டைக்காலை மாட்டவில்லை. புது வேட்டி இடது பக்கம் மடிந்து தொங்கியது. வலது கால் தரையில் ஊன்றியிருந்தது. கண்ணை மூடி, எப்போதும்போல முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் மண்டியிட்டு அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் தொட்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது. அவர் கை மடியிலேயே இருந்தது.

"தொட்டுட்டேன்ப்பா" என்றேன்.

கையைத் தூக்கி, தடவித் தேடி, என் தலையில் வைத்தார்.